நீலக் கவுனில் கண்ட குறைகள்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் சலவைக் கடையின் பெரிய மெஷின் மறுபடியும் தண்ணீர் கக்குகிறது. அடியில் வாளி வைத்திருக்கிறேன். "நாளைக்குப் பாக்கறேன்" என்று இவர் சொல்லி இன்றோடு ஒன்பது நாள். இஸ்திரி மேஜையை விட்டு நகர்ந்தால் இவருக்கு மீசை கொட்டிவிடும் போல.

காலையில் டீச்சரம்மாவோடு ஒரு சண்டை. அவள் சட்டையில் நாங்கள் ஓட்டை போட்டுவிட்டோமாம். குறை நோட்டைத் திருப்பிக் காட்டினேன். துணி வந்ததும் முதல் வேலையாகக் கிழிசல், கறை, பொத்தான் எல்லாவற்றையும் அதில் எழுதிவிடுவோம். ஓட்டை கடைக்கு வரும்போதே இருந்திருக்கிறது. டீச்சரம்மா வாயை மூடிக்கொண்டு போனாள். நாள் நன்றாகத்தான் தொடங்கியது.

மத்தியானம் என் தங்கை சின்னவள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். முப்பத்தாறு வயது, இன்னும் அக்கா தட்டிலிருந்துதான் அவளுக்கு இறங்கும். ஆஸ்பத்திரியில் வேலை என்பாள். நானும் தலையாட்டுவேன். பத்து வருஷமாக இந்த நாடகம் ஓடுகிறது. பேப்பரில் பாலியல் தொழில் என்று போடுவார்களே, அதுதான் அவள் வேலை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். எழுதிவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். பைத்தியம்.

மார்ச் 8, சனி

எப்படியாவது எழுத வேண்டும்.

காலையில் ஷட்டரைத் தூக்கினால் படியில் சின்னவள். உதடு வீங்கி, மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்து. உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். செய்தது ஏற்கெனவே அவளிடம் வந்து போகிற ஆள்தானாம். "வேண்டாம்னு சொன்னேன்க்கா. கதவைத் தொறன்னு சொன்னேன். விடலை" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? "உன்னை யாரு அங்க போகச் சொன்னது?"

அதைத்தான் சொன்னேன். கூடப்பிறந்தவள். நானேதான்.

அவள் அழவில்லை. "குளிக்கணும்" என்றாள்.

அவள் குளிக்கிற நேரத்தில் அவள் போட்டு வந்த நீலக் கவுனை எடுத்தேன். மெஷினில் போட மனம் வரவில்லை. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் சரி. கையாலேயே அலசி, கிழிந்ததைத் தைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுச் சூடு ஆறுவதற்குள் அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். வாய்தான் இப்படி. கையாவது ஏதாவது நல்லது செய்யட்டும் என்று நினைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவள் சாப்பிடவில்லை. என் தட்டிலிருந்துகூட.

மார்ச் 10, திங்கள்

புகார் கொடுக்கப் போகிறேன் என்றாள். போனா உன் பேர்தான் கெட்டுப்போகும் என்றேன். "கெடறதுக்கு என் பேர் எங்கக்கா இருக்கு?" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். விடுவேனா, நானும் போனேன்.

ஸ்டேஷனில் சின்னவள் எல்லாவற்றையும் சொன்னதும், மேஜைக்குப் பின்னால் இருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான்: "ஏன், பேசின காசைத் தரலையா?" சின்னவள் என் கையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளையில் ரோடு தாண்டும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி.

உள்ளே பெண் இன்ஸ்பெக்டர். முழுக்கக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. டாக்டரிடம் அனுப்ப ஏற்பாடு செய்தார். "அன்னிக்குப் போட்டிருந்த துணி எங்க?" என்றார். நான் பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். ஒரு கறை கிடையாது. கிழிந்த இடம் தெரியாத தையல்.

"நீங்கதான் துவைச்சீங்களாம்மா?"

ஆமாம். கறை எடுப்பதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

தெரியாமத் துவைச்சிட்டேன்டி, மன்னிச்சிடு என்றேன்.

"துவைச்சதுக்கு மன்னிப்புக் கேக்காதேக்கா. அதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கினேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. நீ ஒண்ணு கேட்டே பாரு, அதுக்குக் கேளு."

கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான். ஆனால் நகர்ந்து வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 13, வியாழன்

இவர் இஸ்திரி மேஜையை விட்டு வந்தார். குறை நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். என் கையெழுத்து.

"மார்ச் 8, காலை 6.40. நீலக் கவுன் ஒன்று. இடது தோளிலிருந்து இடுப்புவரை தையல் கிழிந்துள்ளது. கொக்கி நான்கு இல்லை. கழுத்தருகே ரத்தம். முதுகில் செருப்புத் தடம்." கொடுத்தவர் பெயருக்கு நேரே "தங்கை" என்று இருக்கிறது.

சத்தியமாக எழுதிய நினைவே இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்கு எழுதியிருக்கிறது. வாய் அவளைத் திட்டிய கொஞ்ச நேரத்தில் கை இதைச் செய்திருக்கிறது.

மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். டாக்டர் எழுதியதோடு சேர்த்துப் பார்த்தார். "இது சாட்சியா நிக்கும். ஆனா எழுதின நீங்க கோர்ட்டுக்கு வந்து சொல்லணும். தங்கச்சி என்ன வேலை பாக்கறாங்கன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. முடியுமாம்மா?"

யோசிச்சுச் சொல்றேன் என்றேன். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. டீச்சரம்மா துணி மூட்டையோடு வந்து, மெதுவாகப் பேசுகிற மாதிரி சத்தமாகவே சொன்னாள்: "அந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் என்ன புதுசா?"

மூட்டையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். வேற கடை பாத்துக்குங்க டீச்சர் என்றேன். கோபம் அவள்மேல்தான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவள் சொன்னதை நான் பன்னிரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டேனே. எந்தக் கடைக்குப் போவேன் நான்?

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, கோர்ட்டுக்கு வர்றேன் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

கோர்ட்டில் பேச ஒன்று யோசித்து வைத்தேன். சின்னவளிடம் சொல்லிக் காட்டினேன்: "நான் கடை தொறந்து வச்சிருக்கேன். அதுக்காக எவன் வேணா உள்ள வந்து அடிச்சு நொறுக்கலாமா?" எப்படி என் பேச்சு?

"நான் என்ன கடையாக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

சரி, கேஸ் முடிந்ததும் அந்தத் தொழிலை விட்டுவிட்டு இங்கே என்னோடு இரு என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "விட்டாத்தான் எனக்கு நடந்தது தப்பாக்கா? விடலைன்னா சரியா?"

அவள் தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தேன். பின்கழுத்தில் இன்னும் கன்றிய தடம் ஒன்று மஞ்சளாக இருக்கிறது. அதன்மேல் மட்டும் சீப்புப் படாமல் வாரினேன்.

ஜூன் 17, செவ்வாய்

கோர்ட். தெருவில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாகக் கடைசி வரிசையில் நின்றார்.

நோட்டைப் படித்துக் காட்டினேன். பிறகு அவன் தரப்பு வக்கீல் எழுந்தார். "உங்க தங்கை என்ன வேலை பாக்கறாங்கன்னு தெரியுமா?"

ஆஸ்பத்திரி என்று நாக்கு நுனிவரை வந்தது. சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். பாலியல் தொழில் செய்யறா. பத்து வருஷமாத் தெரியும்."

பின்னால் ஒரு சலசலப்பு. வக்கீலுக்குச் சந்தோஷம். "அப்போ இதுவும் அந்த வேலையில ஒரு பகுதிதானே?"

"இல்லைங்க. அவ வேண்டாம்னு சொன்னா."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"அங்க இல்லை. விடிஞ்சதும் எங்கிட்டத்தான் வந்தா. வேண்டாம்னு சொன்னேன், விடலைன்னு சொன்னா. நான் அவளைத்தான் திட்டினேன். உன்னை யாரு போகச் சொன்னதுன்னு கேட்டேன். அவனை ஒரு வார்த்தை கேக்கலை. அதையும் எழுதிக்குங்க, அது என் தப்பு."

கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்தேன். வராந்தாவில் சின்னவள் பாட்டிலைத் திறந்து என் வாயில் வைத்தாள். பாதித் தண்ணீரை என் கழுத்தில் ஊற்றிவிட்டாள். அத்தனை பேர் முன்னால் நானும் அவளும் கட்டிக்கொண்டு அழுதோம். இவர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஜூன் 18, புதன்

அடுத்த தேதி ஆகஸ்டில். தீர்ப்பு எப்போது என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

இன்று சின்னவள் திரும்ப வேலைக்குக் கிளம்பினாள். பச்சைச் சட்டையை நானேதான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், காலரை இரண்டு தடவை.

வாசலில் நின்று, எங்கே போகிறாள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அவள் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் தெருப் பெயரைச் சொன்னாள், வீட்டு எண்ணைச் சொன்னாள், எந்த மாடி என்று சொன்னாள். சாயங்காலம் ஆறரைக்கு வந்துவிடுவேன் என்றாள். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆறேகாலுக்கே வந்துவிட்டாள்.