ஏணிப்படியில் உட்கார்ந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. பின்பக்கத்து வளவை, அந்த வரிசை வீடுகளை, இடிக்கிறார்கள். மகளின் பள்ளிச் சீருடையை உதறியபோது அந்த வாடை மூக்கில் ஏறியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டவுனில் நம் வளவிலும் அன்று இதே வாடைதான். எனக்கு அடுத்த வீடு உங்களுடையது. இடத்தை விற்க நினைத்த வீட்டுக்காரர் முதலில் தண்ணீரை நிறுத்தினார். அதற்கும் யாரும் காலி செய்யாததால், ஆண்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஓடு பிரிக்க ஆள் அனுப்பினார். தொட்டிலில் என் கைக்குழந்தை. அதற்கு நேர் மேலே ஓடு நகர்ந்து, வெயில் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. என் அலறல் கேட்டு ஓடிவந்தீர்கள். பிள்ளையை எடுத்து என் கையில் தந்துவிட்டு, வெளியே போய், அவர்கள் சாத்தியிருந்த ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"எக்கா, எந்திரிங்க. நாங்க இறங்கணும்லா," என்றான் கூரை மேலிருந்த ஒருவன்.

"அங்கனயே இருங்க. உங்கள அனுப்பினவரு வரட்டும். அப்புறம் எந்திரிக்கேன்."

கீழே நின்ற மேஸ்திரி கடப்பாரையோடு உங்களை நெருங்கினான். நீங்கள் அசையவில்லை. என்னைப் பார்த்து, "மேல உள்ளவங்களுக்குத் தண்ணி குடு. கூலிக்கு வந்தவங்க, பாவம்," என்றீர்கள்.

வீட்டுக்காரர் வந்தபோது தெருவே கூடியிருந்தது. "பிள்ளையளுக்குப் பரீட்சை முடியட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் ஓட்டுல கை வைக்காதிய. தண்ணியும் விடணும்," என்றீர்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், சரி என்றார். நீங்கள் எழுந்தபோது உங்கள் கால்கள் நடுங்கின.

பரீட்சை முடிந்தது. ஊருக்குள் நம் சம்பளத்துக்கு வீடு இல்லை. ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். நீங்கள் கங்கைகொண்டானுக்கும் அப்பால் குடிபோய், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, டவுன் ஜவுளிக்கடைக்குக் கூட்டிப் பெருக்க வந்தீர்கள். "வீடு நல்லாத்தான் இருக்கு. நாந்தான் பஸ்ஸுல குடியிருக்கேன்," என்று சிரித்தீர்கள். ஒரு விடியற்காலை உங்களுக்கு நெஞ்சு வலித்தபோது அங்கே வண்டி கிடைக்கவில்லை; ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே போய்விட்டீர்கள். வளவில் இருந்திருந்தால் நானே ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். அந்த நினைப்பு என்னை விடுவதில்லை.

இப்போது நாங்கள் குடியிருக்கும் வீடுகளின் சொந்தக்காரரும் போன வாரம் வந்து, ஆடிக்கு முன்னால் எல்லோரையும் காலி செய்யச் சொன்னார். நான் தனியாகப் பதில் சொல்லவில்லை. மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்டி, எல்லோரும் வந்து நின்ற பிறகே பேசினேன். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே வாசலில் நிற்க முடியும் என்பது மட்டும் தெரியும், அக்கா. அது உங்களிடமிருந்து வந்தது.