நான் நீக்கிய அளவுகள்

என் கண்ணே சொக்கலிங்கம்,

உன் ஆராய்ச்சிக் குறிப்பேட்டை நான் எரித்துவிட்டதாகக் காரைக்குடியில் பேசிக்கொள்கிறார்கள். எரிக்கவில்லை. பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. போன வாரம் வரை அது நம் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

ஒரு மூலக்கூறு உருமாற ஆற்றல் என்னும் ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும் என்பாய். சுற்றியுள்ள திரவம் அதை ஓயாமல் இடிக்கும். எப்போதாவது சில இடிகள் சேர்ந்து உச்சிக்கு ஏற்றிவிடும். அதே திரவம்தான் உராய்வாக நின்று இழுத்தும் பிடிக்கும். திரவத்தில் கெட்டியான கிளிசரின் கூடக் கூட, உச்சியைத் தொட்ட மூலக்கூறும் பின்னுக்கே திரும்பிவிடும்.

"அப்ப, இடிக்கவே இல்லாட்டி?" என்று கேட்டேன்.

"மேட்டுக்கு அங்குட்டு ஒண்ணும் போகாது ஆத்தா. கெடந்த எடத்துலயே கெடக்கும்" என்றாய்.

அந்த உராய்வை அறிய, திரவத்தில் மிதக்கும் துகள்களை நுண்நோக்கியில் பார்த்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு நகர்ந்தன என்று குறித்தாய். அலைச்சல் அதிகமென்றால் உராய்வு குறைவு. மஞ்சள் காமாலையில் நீ படுத்தபோது ஆய்வேட்டின் கெடு நெருங்கிவிட்டது. படியெடுக்க நான் உட்கார்ந்தேன்.

கான்வென்டில் ஒரு துளி மை சிந்தினாலும் பக்கத்தைக் கிழித்து மறுபடி எழுத வைப்பார்கள். கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். உன் எண்களில் பல அருகருகே இருந்தன. சில எங்கோ எகிறிக் கிடந்தன. பிழை என்று நீக்கினேன். உன்னைக் கேட்கவில்லை. பதிவுத் தபாலில் சென்னைக்கு அனுப்பியும்விட்டேன்.

சென்னையிலிருந்து, ஆய்வேட்டைப் படித்த தேர்வாளரின் கடிதம் வந்தது. வேண்டிய அளவுகளை மட்டும் நீ பொறுக்கி எழுதியதாகவும், உராய்வும் வினையின் வேகமும் பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தார். படுத்தபடியே என் படியை வாங்கிப் பார்த்தாய்.

"மிச்சதெல்லாம் எங்க ஆத்தா?"

"தாறுமாறா இருந்துச்சப்பா. எடுத்துட்டேன்."

"அந்தத் தாறுமாறத்தான ஆத்தா நான் அளந்தேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். தேர்வாளருக்கு என் பெயரை எழுதவே இல்லை. உன் அப்பச்சி இறந்து தனியே நின்றபோதும் யார் முன்னும் தலைகுனியாதவள் நான் என்பதாலா? அந்த மாதம் முடியுமுன் காமாலை முற்றி நீயும் போய்விட்டாய். பொய்க்கணக்கு எழுதியவன் என்ற பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

போன வாரம் உன்னோடு வேலை பார்த்த வயிரவன் பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தான். குறிப்பேட்டைக் கொடுத்தேன். நான் நீக்கியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தான். அலைச்சல் கூடியது, உராய்வு இறங்கியது, வேகத்தோடு பொருந்தியது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தேர்வாளருக்கு எழுதையில உங்க பேரு எதுக்கு ஆச்சி? படியெடுக்கையில தவறிப்போச்சுன்னு எழுதுவோம். யாரு கேக்கப் போறாக?"

தவறிப்போகவில்லை, தெரிந்தே எடுத்தேன் என்றேன்.

நீ எழுதியதில் இனி ஓர் எண்ணையும் தொடமாட்டேன், சொக்கு. கேட்பவர் எவரானாலும், நீக்கியவள் நான் என்றே சொல்வேன். உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையும் தேர்வாளருக்கே அனுப்புகிறேன்.

தேர்வாளர் ஐயா அவர்களுக்கு: குறிப்பேட்டின் முழுப் படியை அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார்த்து, என் மகன் பொய் எழுதினானா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

உன் ஆத்தா,
விசாலாட்சி