பனி மேல் பழி போடாதவள்

மொகோட்லொங் மலை, லெசோத்தோ
ஜூலை 24

அன்பு மகள் லினியோவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் ரெண்டு பேரும் அடுப்பும் கம்பளியுமாக நன்றாக இருக்கிறோம், அங்கே கேப் டவுன் மழையில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா என்று எழுது. இங்கே ஜூலைக் குளிர் உச்சத்தில், முழங்கால் அளவு பனி, ஆடுகளில் கிழடு ஒன்று செத்தது, மற்றதெல்லாம் தெம்பாக இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்கு வசனம் எடுத்துக் கொடுப்பாள், அதனால்தான்.

அம்மாவின் இடது கால் கட்டைவிரல் ஜூன் கடைசியில் கறுக்க ஆரம்பித்தது. ஒரு மாசத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் மசேருவுக்குக் கொண்டுபோய் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று கிளினிக் சிஸ்டர் சொல்லிவிட்டார். பயந்துவிடாதே, முழுசாகப் படி. உனக்கே தெரியும், வெயில் காலத்தில் களை எடுத்து ஓடியாடும் மனுஷி, குளிர் வந்தால் அடுப்பை விட்டு நகரமாட்டாள், கை தானாக ரொட்டிக்குப் போகும். இந்த வருஷம் அறுவடை முடிந்ததுமே ஒரு காரியம் செய்தாள் பார், நான் அசந்துவிட்டேன். தினமும் சாப்பிட்டு முடித்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தனக்குத்தானே கேள்வி கேட்பாள், இன்னைக்கு கோயில் மேடு வரைக்கும் நடந்தியா, இல்லேன்னா ஏன் நடக்கல, நிஜத்தைச் சொல்லுடி என்று. கிண்டல் பண்ணினேன், உன் அம்மா மாலினியோவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் தானே கண்டுபிடித்தாள், ரொட்டி தின்பது பசியால் இல்லையாம், நீ போனபிறகு பேச ஆள் இல்லாமல் வாய் சும்மா இருக்க முடியாமலாம். மறுநாளே ரொட்டிச் சட்டியைத் தூக்கிக் களஞ்சிய அறையில் வைத்துவிட்டு அந்த நேரத்துக்குப் பாட்டுப் பாட ஆரம்பித்தாள். குரல் என்னவோ அப்படித்தான் இருக்கிறது, ஆனால் ரொட்டி மிச்சமாகிறது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். பனி விழுந்த வாரத்தில் ஓடைப் பக்கம் ஒரு பெண் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்துக்காக மூன்று மணிக்கு எழுந்த உடம்பு எனக்கு, இன்னமும் அம்மாவுக்கு முன்னால் முழிப்பு வந்துவிடும். எழுந்து, விடிகாலை நடைக்கு அவள் வைத்திருந்த அலாரத்தை அடிக்கும் முன்பே அமுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஒரு நாள் இல்லை, எட்டு நாள். நேரமாகி எழுந்தால் வீட்டு வேலை பிடித்துக்கொள்ளும், நடை போச்சு. அவளோ சாயங்காலம் ஆனால் தன்னையே போட்டு வறுத்தெடுத்தாள். மணி அடிச்சிருக்கும், எழுந்திருக்க இஷ்டமில்லாத மனசுதான் காதைப் பொத்திக்குது என்று. கடிகாரத்தைத் தகரத் தட்டு மேல் வைத்தாள், சத்தம் பெரிசாகக் கேட்கட்டும் என்று. படுபாவி நான் அதையும் அமுக்கினேன். கிளினிக்கில் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது. சிஸ்டர் கோபித்துக்கொண்டதும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா, பனி மேல பழி போட மாட்டேன் சிஸ்டர், வீட்டுக்காரரும் தங்கமாப் பாத்துக்கிறார், சோம்பேறித்தனம் என்னோடதுதான் என்றாள். எனக்கு நின்ற இடத்திலேயே உயிர் போய்விட்டது மகளே.

திரும்பி வரும் வழியில், அலாரத்தை அமுக்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் அன்றைக்குக் கேள்வியை என்னிடம் திருப்பினாள், ஏன் அமுக்கினீங்க என்று. பாதை வழுக்குது, அதான் என்றேன். பாதையைப் பத்தி நான் கேக்கல, உங்களைக் கேட்டேன் என்றாள். அப்புறம் சொன்னேன், நீ விழுந்து போய்ச் சேர்ந்துட்டா இந்த வீட்டுல நான் தனியா இருக்கணும், அந்தப் பயம்தான் என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, நாளையிலேருந்து நீங்களும் வாங்க, விழுந்தா சேர்ந்தே விழுவோம் என்றாள். அன்றிலிருந்து பூட்ஸில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ரெண்டு பேரும் போகிறோம். மேடு ஏறுகையில் எனக்கு மூச்சு வாங்குகிறது, அவள் முன்னால் போய் நின்று சிரிக்கிறாள். நேற்று கிளினிக்கில் சர்க்கரை இறங்கியிருந்தது, இப்போதைக்கு விரலை எடுக்க வேண்டாம் என்றார்கள். வெளியே வந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அம்மாவுக்கு இறுக்கமில்லாத கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி அனுப்பு, மறந்துவிடாதே. இன்னொன்று, இப்போது சாயங்காலக் கேள்வி எனக்கும் உண்டு. பொண்ணுக்கு இதை எழுதினீங்களா என்று நேற்று கேட்டாள். பனியில் தபால் வண்டி வருவதில்லை என்றேன். என் முகத்தையே பார்த்தாள். வண்டி தினமும் வருகிறது மகளே, உன் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது, அதுதான் நிஜம்.

உன் அப்பா,
மொலெஃபி