கொக்கிக்குத் தெரிந்த தமிழ்

நிலா, வடக்குக் கூடாரம். ஆள்தூக்கி-2 பதிவு. காலை 7.10

எண்ணெய் அழுத்தம் சரி. மின்கலம் சரி. நாலு காலும் ஊன்றியாச்சு. நான் ஆள்தூக்கி: நீளமா ஒரு கை, நுனியில ஒரு கூண்டு. அதுல நின்னு கண்ணாடிக் கூரையோட வெளிப்பக்கம் விரிசல் அடைக்கிறான் லூர்து. இடுப்பு பெல்ட் கொக்கியில மாட்டியிருக்கு.

இதைப் படிக்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. கொக்கி என் பேச்சைக் கேக்காது. அதுக்குத் தனி மூளை. ரேடியோவுல "விடு"ன்னு யார் சொன்னாலும் திறந்துக்கும். அதுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான். அந்த வார்த்தையப் பிடிச்சுப் போட்ட புண்ணியவான் இங்க வேலை பாக்குற தூத்துக்குடிக்காரங்க பேசிக் கேட்டதே இல்ல போல.

காலை 9.35

கீழ நிக்கிற மேஸ்திரி செல்லக்கனி: "ஏல லூர்து, நேத்து கோவத்துல ஏசிட்டேன்ல."

லூர்து: "அத விடுக்கா."

டக். கொக்கி திறந்துருச்சு. திரும்ப மாட்டினான்.

"மனசுல வச்சுக்காத, என்ன?"

"அட, விடுங்கேன்லா!"

டக்.

மறுபடி மாட்டினான். வார்த்தைய மாத்துங்கன்னு பூமி ஆபீசுக்கு எத்தனை தடவை எழுதுறது! "போகப் போகப் பழகிரும்"னு பதில். யாருக்கய்யா பழகும்? எரிச்சலா வருது.

முற்பகல் 11.02

வலது பின்கால் தூசிக்குள்ள இறங்குது. அடியில பலகை போடுங்கன்னு காலையில ஊன்றும்போதே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். இங்க எடை ஆறுல ஒரு பங்குதானேன்னு சிரிச்சாங்க.

கூண்டு சாஞ்சிருச்சு. லூர்து கம்பிக்கு வெளிய தொங்குறான். கொக்கி தாங்குது. சாய்ஞ்சா என் கை தானா பூட்டிக்கும். இனி கீழ இருக்கிற கைப்பிடியச் சுத்தித்தான் இறக்கணும். செல்லக்கனி ஓடி வர்றாங்க.

11.04

"யக்கா, பயமா இருக்கு."

"பெல்ட் இருக்குல்லா. இந்தா இறக்குதேன்."

பேசாதீங்க. தயவுசெஞ்சு ரெண்டு பேரும் பேசாதீங்க. நான் கத்துறது யாருக்கும் கேக்காது. நொய்நொய்ங்கிறேன்னு காலையிலயே என் குரலை அணைச்சுட்டாங்க. பாவிங்களா!

பாதி தூரம் இறங்கியாச்சு. இன்னும் கொஞ்சம்தான். லூர்து அழறான்.

"யக்கா, எம் புள்ளைக்கு நா மட்டும்தான்…"

"அழாதல. ஒன்ன விடுவனால நானு?"

டக்.

11.05

ஹெல்மெட் கல்லுல மோதிருச்சு. காத்து பூரா போயிருச்சு. செல்லக்கனி இன்னும் கைப்பிடியச் சுத்திக்கிட்டே இருக்காங்க.

மாலை 4.20

லூர்தத் தூக்கிட்டுப் போயாச்சு. என்ன நடந்துச்சுன்னு செல்லக்கனிகிட்ட யாரும் சொல்லல. பெல்ட் அறுந்துபோச்சுன்னு நினைச்சிருக்காங்க. அப்படியே நினைக்கட்டும்.

பூமி ஆபீசுலேருந்து உத்தரவு: "கோளாறு கொக்கியில் எனத் தெரிகிறது. கொக்கியை அகற்றவும். பணி தொடரலாம்."

நாலு மாசமா எழுதினதுக்கு இதான் பலன். கொக்கியக் கழட்டிட்டாங்க. சாய்ஞ்சா நிக்கிற பூட்டையும் கழட்டிட்டாங்க, வேலை கெடுதாம்.

புது ஆள் கூண்டுல ஏறிட்டான். ஒரு கையால கம்பியப் பிடிச்சிருக்கான். பேர் கேக்கணும், குரல் இல்ல.

"தூக்கு"ங்கிறான்.

முடியாதுன்னு சொல்ல எனக்கு யாரும் வழி வைக்கல. தூக்குறேன்.