எவால்டின் கேன் தானே வீடு திரும்பிய கதை

மோசெல் ஆற்றங்கரை, ஜெர்மனி
நவம்பர் 4

அன்பு மகள் யூடித்துக்கு அப்பா எழுதுவது. அம்மா சுகம், நானும் சுகம், உட்காரும் இடம் மட்டும் இன்னும் முழுச் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. அடிலெய்டு வெயிலில் தொப்பி போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மூன்று வருடம் ரசாயன மருந்தில்லாமல் நம் திராட்சைத் தோட்டத்தை நடத்தி இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் திரும்பி வந்து பொறுப்பெடுக்கிறேன் என்று சொல்லிப் போனாயே, இரண்டு வருடத்தை எப்படியோ ஓட்டினேன். இந்த ஜூலையில் மூன்று வாரம் விடாத மழை, குளிர் வேறு, கொடிக்குக் கொடி பூஞ்சை. இயற்கை விவசாயத்தில் அனுமதித்த, ஆப்பசோடா மாதிரி ஒரு பொடியைக் கரைத்துக் கரைத்து அடித்ததில், "தோட்டத்துல திராட்சையா காய்க்கப் போகுது, கேக்கா காய்க்கப் போகுது" என்று அம்மா கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. உன்னிடம் மறைக்கக் கூடாது, பக்கத்து வீட்டு எவால்டிடம் அவனுடைய ரசாயன மருந்தில் ஒரு கேன் இரவல் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு மலையேறினேன். பாதியில் சிலேட்டுக் கல் காலடியில் நழுவியது. பதினைந்து கொடி வரிசையை உட்கார்ந்தபடியே சறுக்கிக் கடந்தேன். கேன் எனக்கு முன்னால் உருண்டு, மூடி கழலாமல், எவால்டின் முற்றத்திலேயே போய் நின்றது. அவன் வேலிக்கு வந்து, "ஏன்டா லோதார், இரவல் வாங்குன சாமானை அஞ்சு நிமிசத்துல திருப்பித் தர்றவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்டா" என்றான்.

ஒரு வாரம் குப்புறப் படுத்து யோசித்தேன், யோசித்தேன் என்பது பெரிய வார்த்தை, வலித்தது. அதற்குள் மழை விட்டு, கல் சூடேறிக் கொடிகளைக் காயவைத்தது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிச்சம் குளிரில் அவசரமில்லாமல் பழுத்தது. புது ஒயினில் புளிப்பு ஊசி மாதிரி ஏறுகிறது, பின்னாலேயே மழையில் நனைந்த கல் வாசம். சந்தேகம் தீரக் கல்லையும் நக்கிப் பார்த்தேன், கல்லில் அந்த ருசியில்லை.

செப்டம்பரில் சான்றிதழ்ச் சோதனைக்கு வந்த பெண் அதிகாரி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். உன் அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மூடி தெறந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப விடுங்க, நெனச்சதுக்கெல்லாம் எங்க ஃபாரத்துல கட்டம் இல்ல" என்று இலைகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். திங்கட்கிழமை சான்றிதழ் வந்தது.

ஆனால் நிபந்தனை போட்டது நீ. உன் ஃபாரத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தால் என் பெயருக்கு நேரே குறித்துக்கொள், இன்னும் மூன்று வருடம் என்றாலும் மருந்தில்லாமல் இருந்து காட்டுகிறேன். மேலே ஏறத்தான் ஆள் வேண்டும்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். பதிலில் நீ வரும் மாதத்தைப் பெரிய எழுத்தில் எழுது, கண்ணாடியைத் தேடும்வரை அம்மா பொறுக்கமாட்டாள்.

இப்படிக்கு,
நின்றுகொண்டே எழுதும் அப்பா
லோதார்