நோட்டில் ஏறாத சிறுத்தை

பெரியநாயக்கன்பாளையம்,
யுவ வருஷம், தை 2.

சௌபாக்கியவதி ராசாத்தாளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். உன்னிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் மாட்டுப் பொங்கல் வேலைகளை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தி மட்டும் கண்ட ஒன்றை, இன்னொருவர் காணும்வரை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாமா? எனக்கு விடை தெரியவில்லை. நான் சென்னையில் பி.ஏ. படித்ததெல்லாம் இதற்கு உதவவில்லை.

நம் குளத்து நோட்டை நீ மறந்திருக்க மாட்டாய். ஐப்பசியில் வடக்கத்தி வாத்துகள் வந்து இறங்கியதிலிருந்து ஊரார் வழக்கம்போலச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது நம் வாசலில் நின்று, எங்கே எதைக் கண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உன் பன்னிரண்டாவது வயதில் நாம் இருவரும் சேர்ந்து வைத்த விதியைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். தங்களுக்குள் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் தனித்தனியே வந்து சொன்னால்தான் நோட்டில் ஏறும். இந்த வருஷம் ஊசிவால் வாத்து நூறுக்கு மேல், கூழைக்கடா ஏழு, உள்ளான் எண்ணி முடியவில்லை. இதெல்லாம் படித்தால் உனக்குச் சந்தோஷமாயிருக்கும், ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

போகிக்கு முந்தின நாள் பொழுது விடிந்ததும் கோரை அறுக்கிற சின்னாத்தாள் வந்தாள். கையில் அரிவாள் இருந்தது, அறுத்த கோரையைக் காணோம். குளத்தின் மேற்குக் கரையில் ஒரு சிறுத்தை தண்ணீர் குடித்ததைக் கண்டதாகச் சொன்னாள். எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, வால் எவ்வளவு நீளம் என்று கேட்டேன். எருமைக்கன்று தண்டிக்குப் பெரிதாக இருந்ததாம், வாலைப் பார்க்க அவள் அங்கே நிற்கவில்லையாம். போன வருஷம் கூழைக்கடா தன் சொம்பை விழுங்கிவிட்டது என்று இவள் அழுததும், மறுநாள் சொம்பு சேற்றில் கிடைத்ததும் உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? அதை மனதில் வைத்துக்கொண்டு, இன்னொருவரும் பார்த்தால் எழுதுகிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அப்ப நானு இன்னொருத்தியக் கூட்டிக்கிட்டுப் போயி அதுக்கு முன்னால நிறுத்தோணுமுங்களா அம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மதியத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிப்பு. ஆட்டு வியாபாரி பீர் முகம்மது வண்டியை நிறுத்தி, “ஏனுங்கம்மா, சொம்பு முழுங்குன கூழைக்கடாவுக்கு இப்ப நாலு காலு மொளச்சுப்போச்சுங்களா?” என்று விசாரித்தார். நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்புத்தான் உறுத்துகிறது. ஏனென்றால் நாளைக்குப் பூ நோம்பி. பத்துப் பதினைந்து பெண் பிள்ளைகள் கூடை எடுத்துக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் பாடிக்கொண்டு, ஆவாரம்பூப் பறிக்க அதே மேற்குக் கரைப் புதருக்குத்தான் போவார்கள். நீயும் சிறு வயதில் போன இடந்தான். அவர்களை அழைத்துப் போகிற மாரியாத்தாளிடம் யாரோ சிறுத்தைப் பேச்சை எடுத்ததற்கு, “நோட்டுல ஏறுலீன்னா அது இல்லீன்னுதானுங்க அர்த்தம், அம்மா எழுதாமயா இருப்பாங்க” என்றாளாம். நான் எழுதாததை இவர்கள் இப்படிப் படிப்பார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மூன்று நாளாக விடியற்காலையில் நானே கரைக்குப் போய்ப் பார்த்து வருகிறேன். சிறுத்தையைக் காணவில்லை. ஆனால் எப்போதும் மேற்கே கோரை ஓரம் ஒண்டியிருக்கும் வாத்துகள் மூன்று நாளும் கிழக்குக் கரையை ஒட்டியே கிடக்கின்றன. ஆள்காட்டிக் குருவிகள் ஆள் இல்லாத பக்கம் பார்த்துக் கத்துகின்றன. வாடைக்காற்றினால் இருக்கலாம். இன்று சேற்றில் வட்டமாக ஒரு தடத்தைக் கண்டேன், அதில் பாதிதான் மிச்சம். மீதியை மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டக் கொண்டுவந்த மாடுகள் மிதித்துவிட்டன. பெரிய நாயாகவும் இருக்கலாம். எழுதிவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பாய். சிறுத்தை என்று நோட்டில் ஏறினால் செய்தி சந்தை வழியாகப் பரவி இரண்டே நாளில் கோயமுத்தூரிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் வந்துவிடுவார்கள். சிறுத்தை அகப்படுமோ என்னமோ, இதுவரை வெடிச்சத்தமே கேட்காத குளத்தில் ஒரு வாத்து மிஞ்சாது. அப்பாவிடம் சொன்னேன். “நீ எழுதுனாலும் ஊரு கேட்டு நடக்கும், எழுதாட்டியும் கேட்டு நடக்கும், அதான் வம்பு” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் பொங்கல் ஊட்டப் போய்விட்டார்.

உன் கடிதத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நீ மட்டும் எழுதியிருக்கிறாய், மாப்பிள்ளை ஒரு வரி எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அவர் கையெழுத்திலும் அதை நான் பார்க்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரே குடி. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. பிறந்திருக்கிற தையில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் கூடிவர வேண்டும்.

உன் அம்மா,
சென்னியம்மாள்.

தை 3, சாயங்காலம். கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கோழி கூப்பிடும்போது மாரியாத்தாள் வாசலுக்குப் போனேன். பிள்ளைகள் கூடையோடு நின்றிருந்தார்கள். நான் பார்க்கவில்லை, சின்னாத்தாள் பார்த்தாள், அவள் சொன்னதை நம்புகிறேன், மேற்கே போக வேண்டாம் என்று சொன்னேன். “அத நாலு நாளைக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே” என்றாள் மாரியாத்தாள். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு கிழக்கே, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பக்கம் திரும்பிப் பாடத் தொடங்கினார்கள். அங்கே பூ குறைவு. மாரியாத்தாளின் செவலை நாய் மட்டும் வருஷா வருஷம் போகிற வழி என்று முன்னால் மேற்கே ஓடிவிட்டது. கூப்பிட்டோம், நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புதருக்குள் இரண்டு குரைப்பு கேட்டது, மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. குளத்து வாத்துகள் அத்தனையும் ஒரே சமயத்தில் எழும்பின. பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். யாரும் எதையும் கண்ணால் காணவில்லை.

வீட்டுக்கு வந்து, போகிக்கு முந்தின நாள் பக்கத்தைத் திருப்பி, சிறுத்தை ஒன்று, மேற்குக் கரை, கண்டவர் சின்னாத்தாள் என்று எழுதினேன். அவளை வரவழைத்து வாசித்துக் காட்டினேன். “ஒருத்தி போதுமுங்களா இப்ப?” என்று கேட்டாள். போதும் என்றேன். பொழுது சாய்ந்துவிட்டது. நாய் இன்னும் திரும்பவில்லை.