அண்ணன் உப்பை விட்ட நாட்கள்

1938. தை 10, ஞாயிறு

கடும் பனி. பருத்திக் காடே தெரியவில்லை. முட்டை ஆறு உடைத்து மஞ்சள் கருவை நீக்கினேன். அது நாய்க்கு. நாய் கொழுக்கிறது.

சேலம் பொருட்காட்சியில் தேகக்கட்டுப் பந்தயம், இன்னும் இரண்டு வாரம். அண்ணனுக்குப் பலம் போதுமாம். தோலுக்கும் சதைக்கும் நடுவே உள்ள கொழுப்புதான் போக வேண்டுமாம். சீமையிலிருந்து வரும் தபால் பாடம் இங்கிலீஷில். தமிழில் எழுதிக் கொடுப்பது நான்.

இன்று:
வெள்ளைக்கரு 6
வேகவைத்த கொள்ளு, ஒரு கிண்ணம்
வெண்ணெய் எடுத்த மோர்
கீரை
சோறு, நெய், கடலை கூடாது

இடுப்பு 30 அங்குலம். மார்பு 41.

தை 13, புதன்

பருத்திக் கிடங்கில், மூட்டை நிறுக்கும் தராசில் அண்ணன். 142 ராத்தல். நிறுப்பவர் சிரித்தார். "ஏனுங்க மாப்ளே, ஒரு வாரத்துல ஆறு ராத்தல் காணமுங்க. மூட்டையா இருந்தா எலியத் தேடுவோம்." அண்ணன் வீடு வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

மூன்று நாளாக ஒரே நாவல். பக்கம் நகரவில்லை.

கிணற்றடியில் குளித்துவிட்டு நின்றான். தோள்பட்டை எலும்பு இரண்டும் கூராக. மூச்சு இழுத்தால் விலாவுக்கு நடுவில் குழி. இதை முன்பே பார்த்திருக்கிறேன். எங்கே என்று யோசிக்கக் கூடாதென்று உள்ளே வந்துவிட்டேன்.

யோசித்தேன். அப்பா. இரண்டு வருஷம் முன்பு, க்ஷயத்தில், கடைசி மாதங்கள். அந்த முதுகைத் துடைத்தவள் நான்தான்.

தை 16, சனி

பாடத்தின் புதிய தாள் வந்தது. கடைசி எட்டு நாள் உப்பு அறவே கூடாது. தோலடியில் நீர் தங்காதாம். அம்மாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருக்கற புள்ளைக்கு உப்பில்லாம பொங்கறதா? அது உங்கப்பாவுக்குப் படைக்கறது, அம்முணி."

அமாவாசைதோறும் அப்பாவுக்கு இலை போடுவோம். அதில் எதிலும் உப்பு சேர்ப்பதில்லை.

"பாடத்துல போட்டிருக்குதும்மா."

"பாடம் எழுதுனவனுக்கு அம்மா இல்லியாக்கும்?"

ஆக, நானே தனிச் சட்டியில். அம்மா வெளியே போய் நின்றாள்.

எழுதிக் கொடுக்கும்போது அந்த ஒரு வரியை விட்டிருக்கலாம். தோன்றவேயில்லை. பிழையில்லாமல் மொழிபெயர்க்கிறேன் என்ற கர்வம்.

தை 18, திங்கள். அமாவாசை

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

உள்ளறையில் அப்பாவுக்கு இலை. சோறு, பருப்பு, அவரைக்காய், வாழைக்காய். அம்மா சூடம் எடுக்கப் போனாள். நான் காக்கைக்கு வைக்க வாசலில் இடம் கழுவிக்கொண்டிருந்தேன். பயிற்சி முடித்து அண்ணன் பின்பக்கமாக வந்திருக்கிறான். பசியில் அவனுக்கு இப்போது நாள், கிழமை எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஒரு வாய் போட்டுப் பார்த்தான் போல. உப்பில்லை. உட்கார்ந்துவிட்டான்.

நாங்கள் வந்தபோது பாதி இலை காலி. சோற்றை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தான்.

"அம்மா எறங்கி வந்துட்டா பாரு, அம்முணி," என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். "அவரக்கா நல்லா இருக்குதும்மா. தெனமும் இப்படியே பண்ணு."

அம்மா சூடத்தட்டோடு நின்றாள். திட்டவில்லை. "சாப்புடு சாமி," என்றாள்.

அப்பாவுக்கு வேறு இலை போடவில்லை. காக்கை வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தது.

தை 21, வியாழன்

வெயில். 137 ராத்தல். கண் உள்ளே போய்விட்டது. படி ஏறச் சுவரைப் பிடிக்கிறான். பயிற்சிசாலை வாத்தியார் வந்து வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "காயிதமாட்ட இருக்குது. பரிசு உனக்குத்தான்."

அம்மா மூன்று நாளாக மறுபேச்சுப் பேசுவதில்லை. அவளே பொங்குகிறாள், உப்பில்லாமல். அதுதான் எனக்குப் பயம்.

சாயங்காலம் கூடத்தில் இருமல். தூசுக்கு இருமினான், அவ்வளவே. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவனிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

தை 23, சனி

சொல்லவில்லை. நேற்றும் இல்லை.

இன்று மதியத்திலிருந்து தண்ணீர் அரை டம்ளர்தான். உதடெல்லாம் வெடிப்பு. வேட்டி, துண்டு மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

தை 24, ஞாயிறு

பந்தயம் சாயங்காலம். பஸ் பத்து மணிக்கு. மேடை வெளிச்சத்தில் மினுங்குவதற்கு இங்கேயே ஒருதரம் எண்ணெய் ஊறட்டும் என்றாராம் வாத்தியார். பலகை போட்டு உட்கார்ந்தான். முதுகுக்குத் தேய்த்துக்கொண்டு வந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திப்போட்டே?"

"போக வேண்டாம்ண்ணா. சாப்புடு. உம் முதுகு அப்பா முதுகாட்டவே இருக்குது."

அவன் திரும்பவில்லை.

"தெரியும். கண்ணாடில தெனமும் பாக்கறேன். மொதல்ல பயமா இருந்துச்சு." பலகையில் சொட்டிய எண்ணெயை விரலால் வழித்தான். "இப்ப சோறு தின்னா அவரு போயிருவாரோன்னு பயமா இருக்குது. சீக்கிரம் தேயி அம்முணி, பஸ்ஸு போயிரும்."

மீதி முதுகுக்கும் தேய்த்தேன்.